ஆம்பிள் என்றால் எத்தனை அடி

காலை ஏழே காலுக்கு அந்த வீட்டின் அடுப்பு அணைந்தது. பூகம்பம் வந்திருந்தால்கூட பம்ப் ஹவுஸ்காரர் இவ்வளவு பதறியிருக்க மாட்டார். ஊருக்கே குடிதண்ணீர் கொடுத்த தொட்டியை முப்பத்தோரு வருஷம் கட்டிக் காத்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியுமாக மாடியின் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அறைகள் அவர் பொறுப்பு, காலைச் சாப்பாடு அவள் பொறுப்பு. அவள் பரிமாறி முடித்தபின் தட்டுக் குவியலைத் தாண்டி மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முகம் தெரியாது என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பி விட்டவரே அவர்தான்.

அடுப்பை அணைத்தது ஒரே ஒரு வார்த்தை. மூக்குக்கண்ணாடிச் சட்டம் விற்க வந்து மூன்று நாள் தங்கிப் போன பெண், இணையத்தில் ஐந்துக்கு நாலு நட்சத்திரம் போட்டிருந்தாள். அறை சுத்தம் என்று எழுதி, காலைச் சாப்பாடு 'ஆம்பிள்' என்று முடித்திருந்தாள்.

"ஆம்பிள்னா என்னங்க?"

"தாராளம்னு வெச்சுக்கயேன்."

"தாராளம்னா எதுக்கு ஒரு நட்சத்திரத்தைப் பிடுங்கிட்டுப் போறா? ஏதோ இருந்துச்சு, சாப்பிட்டேன்னு நாசூக்கா சொல்றாளா?" கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். "அப்படின்னா சொல்லிடுங்க. நாளையிலேருந்து உங்க தம்பி லாட்ஜ் மாதிரி ஆளுக்கு ஒரு ரொட்டிப் பாக்கெட். உங்களுக்கும் அதுதான்."

கடைசி வாக்கியம்தான் அவரை எழுந்து நிற்க வைத்தது. அலமாரி உச்சியிலிருந்து அகராதியை இறக்கினார். அது இறங்கிய வேகத்தில் மேஜை இரண்டு அங்குலம் தரைக்குள் போனது என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். போதும் என்பதற்கும் நிரம்பி வழிகிறது என்பதற்கும் நடுவே ஆங்கிலக்காரன் ஒரு மாடிப்படியே கட்டி வைத்திருந்தான். படிக்கப் படிக்க அவருக்குக் குஷி பிறந்துவிட்டது. இத்தனையும் அவர் நாளெல்லாம் பார்த்த தண்ணீர்தானே! வரிசையாக டம்ளர்களை வைத்து ஊற்ற ஆரம்பித்தார்.

"இங்க பாரு. தொட்டியில ரெண்டடி இருந்தா குழாய்ல வரும், ஆனா எனக்குத் தூக்கம் வராது. அது அடிக்வேட். ஆறடி இருந்தா கவுந்தடிச்சுப் படுத்துக் குறட்டை விடலாம். அதுதான் ஆம்பிள்."

"அபண்டன்ட்னு போட்டிருக்கே?"

"அது தொட்டி இல்லம்மா, ஏரி. அளக்கணும்னே தோணாது."

"அப்ப ஃபுல்லு?"

"அது தண்ணியப் பத்தின பேச்சில்ல, பாத்திரத்தைப் பத்தினது. உள்ள காலி இடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு ஸ்பூன்கூட ஃபுல் ஆகலாம். ஆனா ஒரு ஸ்பூன் தண்ணி ஆம்பிள் ஆகுமா?"

"எறும்புக்கு ஆகும்" என்றாள்.

அவர் சொம்பைக் கீழே வைத்தார். அகராதி போட்ட அத்தனை பேரையும் அவள் ஒரு எறும்பை வைத்து மடக்கிவிட்டாள். குடிக்கிறவரைப் பார்க்காமல் டம்ளரை மட்டும் பார்த்து என்ன பிரயோஜனம்? வருகைப் பதிவேட்டைப் புரட்டி, கண்ணாடிக்காரியின் எண்ணைக் கண்டுபிடித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் சிரிப்பு. "அக்கா, அது பாராட்டுக்கா. ரெண்டு நாளுக்கானதை ஒரே தட்டுல வெச்சீங்க. இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பசிக்கல."

"அப்ப அந்த நட்சத்திரம்?"

அந்தப் பக்கம் ஒரு பஸ் இரைந்து கடந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. வருஷத்துல இருநூறு நாள் நான் தனியாத்தான் சாப்பிடறேன். வீட்டுச் சாப்பாடுன்னு போட்டிருந்தீங்க, அதுக்காகவே வந்தேன். சார் உள்ள பேப்பர் படிக்கிறாரு. நீங்க கரண்டியோட பின்னாடி நிக்கறீங்க. மூணு நாளும் எதிர் நாற்காலியப் பாத்துக்கிட்டே சாப்பிட்டேன். சாப்பாடு ஏகப்பட்டது. மேஜைதான் ஃபுல்லா இல்லக்கா."

போனை வைத்ததும் அவள் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். உருளைக்கிழங்கு வதங்குகிற வாசனை மாடிப்படி ஏறிப்போய், அன்றைய விருந்தாளியான தராசு ரிப்பேர்க்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தது. பம்ப் ஹவுஸ்காரர் பேப்பரை மடித்துப் போட்டுவிட்டு மூன்று தட்டு வைத்தார்.

"மூணாவது யாருக்கு?"

"உட்காரு, சொல்றேன்."

"நான் அப்புறமா உள்ளயே..."

"மேஜை ஃபுல்லாகணும்ல. உட்காரும்மா."

தராசுக்காரர் தானாகவே நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். அவள் பரீட்சை எழுத வந்தவள் மாதிரி விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் கரண்டியை எடுத்தார். அந்தத் தொட்டியில் எந்த நாள் எந்த மணிக்கு எத்தனை அடி என்று இப்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். இவள் தட்டில் எத்தனை விழும், எதில் நிறைவாள் என்று கேட்டால் தெரியாது. இத்தனை வருஷத்தில் அந்தத் தட்டை அவர் பார்த்ததே இல்லை. அதை எப்போதும் அவள் சமையலறைக்குள் நின்றபடியே காலி செய்துவிடுவாள்.

ஒரு கரண்டி வைத்தார். முகத்தைப் பார்த்தார். இரண்டாவது வைத்தார்.

"போதுமா?"

தராசுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தட்டையே பார்த்தார், முள் எங்கே நிற்கும் என்று பார்க்கிறவர் போல.

"கேட்டுக்கிட்டே இருக்காதீங்க" என்றாள். "நான் சொல்றப்ப நிறுத்துங்க."

மூன்றாவது கரண்டி ஆவியோடு சாய்ந்தது. அவள் இன்னும் சொல்லவில்லை.