இருமிக்கொண்டிருந்த அறிக்கை

கல்தூசு பற்றிய அறிக்கை தொழில் துறை அலுவலகத்தின் மூன்றாம் அலமாரிக்குப் போன நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, இருமத் தொடங்கியது. வறட்டு இருமல். திறந்து பார்த்தபோது நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் அட்டைக்குள் குலுங்கிக்கொண்டிருந்தன. செயலாளரும் தலைமை எழுத்தரும் அலமாரியை மூடிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

எழுதியவள் ஒரு சட்ட ஆய்வாளர். முப்பத்தாறு ஊர்களின் விதிகளையும் சாவுப் பதிவேடுகளையும் அருகருகே வைத்து இரண்டு வருடம் கண் எரியப் படித்தவள். கண்டுபிடித்தது பெரிய ரகசியமில்லை. கல் அறுக்கும்போது தண்ணீர் விட்டால் தூசு பறக்காது, நுரையீரல் பிழைக்கும். எல்லா ஊர் விதியும் அதைத்தான் சொன்னது. இந்த ஊர் விதி மட்டும் பத்துப் பேருக்குக் குறைவான பட்டறைகளுக்கு விலக்குத் தந்திருந்தது. அதனால் இந்த ஊரில் எந்தப் பட்டறையிலும் பத்தாவது ஆள் கிடையாது. முப்பது பேர் வேலை செய்யும் கொட்டகையில் மூன்று சாக்குத் திரை தொங்கவிட்டு, நான்கு பெயர்ப்பலகை மாட்டி, நான்கு பட்டறை என்று பதிந்துகொண்டார்கள். திரையைச் சட்டம் மதித்தது, தூசு மதிக்கவில்லை. மற்ற ஊர்களில் கல் அறுத்தவர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்த்தார்கள். இங்கே நாற்பதைத் தாண்டவில்லை. அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள் என்றது அறிக்கை.

குழு கூடியது. அந்தக் குழு சொன்னதை ஆராய இன்னொரு குழு போட்டார்கள். சிறுதொழில் நசிந்துவிடும் என்று முதலாளிகள் சங்கம் மூக்கால் அழுதது. அறிக்கை கொடுத்த இரண்டாம் வருடம் அவளுடைய தம்பி, வேறு வேலை அமையாமல், ஒரு திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். அவள் எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள்.

"நீ சட்டத்தை மாத்துற வரைக்கும் பட்டினி கிடக்க முடியுமாக்கா?" என்று கேட்டான்.

வாரம் ஒரு மனுவோடு போவாள், அலமாரி முன் நின்று கேட்பாள். ஆரம்பத்தில் அவள் நேரில் கண்டு எழுதிய இருபத்து மூன்று நோயாளிகளின் இருமல் குரல்தான் கேட்டது. செத்தவன் குரல் அடங்கும், அடங்குவதற்குள் இரண்டு புதுக் குரல் சேரும். ஆறாம் வருடம் ஒரு நாள், இருமி முடிக்கையில் சின்னதாக விக்கும் ஒரு குரல் கேட்டது. கக்குவான் வந்த வயதிலிருந்து தம்பி அப்படித்தான் இருமுவான். அறிக்கையைத் தூக்கிக்கொண்டு நேரே அமைச்சர் பேசிக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் நுழைந்து மைக்குக்கு முன்னால் வைத்தாள். ஒலிபெருக்கி வழியாக அரங்கம் முழுக்க இருமியது. அமைச்சர் பேச்சு மூன்று முறை தடைபட்டது.

"இதை நிறுத்த என்ன பண்ணணும்?" என்றார்.

"ஒரு வரியை எடுக்கணும்."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான். முப்பத்தெட்டுப் பேரைப் புதிதாகப் படுக்கையில் தள்ளிய அவ்வளவு. மனித உயிருக்காக ஆறு வருடம் அசையாதவர்கள் மேடையில் பட்ட அவமானத்துக்காக ஆறே வாரத்தில் அசைந்தார்கள். திரைகள் இறங்கின, குழாய்கள் வந்தன, கல் அறுப்பவர்கள் சட்டை நனைகிறது என்று திட்டிக்கொண்டே வேலை பார்த்தார்கள். அதன்பின் அறிக்கையில் புதுக் குரல் ஒன்றுகூடச் சேரவில்லை. இருந்தவை ஒவ்வொன்றாக அடங்கின. கல்லாகிப்போன நுரையீரலைத் திருத்த எந்த விதியாலும் முடியாது.

துறை அறிக்கையைப் பழைய அலமாரியிலேயே திரும்ப வைத்து, அவளுக்கும் அங்கேயே ஒரு மேஜை கொடுத்தது. வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு மின்விசிறியின் சுவிட்சையும் இருமும் அலமாரியையும் சேர்த்தே காட்டினார்கள். பதினோராம் வருடம் மிஞ்சியது ஒரே குரல், இருமி முடிக்கையில் விக்கும் குரல். அது கேட்கிற வரை அவளுக்கு வேலை ஓடியது. ஒரு வியாழக்கிழமை நண்பகல், அடுத்த அறிக்கையின் நாற்பதாம் பக்கத்தில் அவள் இருந்தபோது, அலமாரியில் இருமல் நின்றது. திறந்து பார்த்தாள், ஒரு பக்கமும் குலுங்கவில்லை. பிறகு பேனாவை மூடி, போன் வருவதற்கு முன்பே, பையை எடுத்துக்கொண்டு தம்பி படுத்திருந்த வீட்டுக்குக் கிளம்பினாள். தலைமை எழுத்தர் வருகைப் பதிவேட்டில் அரைநாள் விடுப்பு என்று எழுதிக்கொண்டார்.