இரண்டாவது துண்டு

பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியை ஒட்டிய ஆராய்ச்சிக்கூடத்தில் ஆனந்திக்கு வேலை. நோயாளிகளின் சதைத் துணுக்குகளில் ஒரே ஒரு புரதத்தைத் தேட வேண்டும். அதற்கென்று இருக்கும் ஆன்டிபாடி அந்தப் புரதத்தை மட்டும் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடம் சாயத்தில் பழுப்பாகத் தெரியும். எத்தனையோ துணுக்குகளில் தேடியும் பிடிபடாதது, கடைசியில் அவளுடைய சித்தி மாரித்தாயின் மார்புக்கட்டியில் பிடிபட்டது.

ஸ்லைடைப் பார்த்த டாக்டர் வெங்கிடேஸ்வரன் எழுந்தே விட்டார். "பேஷ்! ஆனா இது மருந்து ஏத்தறதுக்கு முந்தி எடுத்ததாக்கும். இப்போ எப்படி இருக்குன்னு பாக்கணும். இன்னொரு துண்டு வேணும். நீ சொன்னா ஒன் சித்தி கேப்பா."

"அவங்களுக்கு இதுல ஏதாவது பிரயோஜனம் உண்டா சார்?"

"அவாளுக்கு என்ன? நமக்காக்கும்."

சித்திரபுரம் தேயிலைத் தோட்டத்தில் இருந்த சித்திக்குப் போன் போட்டாள்.

"மறுபடியும் ஊசி குத்திச் சதை எடுக்கவா? எதுக்குட்டி?" என்றாள் சித்தி.

ஆராய்ச்சிக்கு என்று சொல்லத்தான் ஆனந்தி வாயைத் திறந்தாள். "வைத்தியத்துக்குத்தான் சித்தி" என்று வந்தது.

உடுமலைப்பேட்டை வழியாக, பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தாள் மாரித்தாய். ஊசி இறங்கும்போது ஆனந்தியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாளே தவிர, கத்தவில்லை.

ஸ்லைடு முழுக்கப் பழுப்பு. நோய் மருந்துக்கு அடங்கவே இல்லை. "இவ்வளவு நன்னா ஒரு படம் நான் பாத்ததில்லை" என்றார் டாக்டர்.

"கொறைஞ்சிருக்கா தாயி?" என்று சித்தி போனில் கேட்டாள்.

"கொறைஞ்சிருக்கு சித்தி."

கொச்சியில் நடந்த மாநாட்டில் அந்தப் படத்துக்குக் கைதட்டினார்கள். ஊசி குத்திய இடம் புண்ணாகி, மாரித்தாய் தோட்டத்து லயத்து வீட்டில் காய்ச்சலோடு கிடந்தாள்.

காய்ச்சல் விட்டதும் கூப்பிடாமலே ஒருநாள் வந்து நின்றாள். எலும்பாக இளைத்திருந்தாள். கூடவே பக்கத்து வீட்டுக் கற்பகம்.

"இவளுக்கும் மார்ல கட்டி. பெரியாஸ்பத்திரில அறுத்து எடுத்துரலாம்னு தேதி குடுத்துட்டானுவ. நாந்தான் போவாண்டாம்னுட்டேன். கத்தி வைக்காமலே எனக்குக் கொறைச்சுக் குடுத்த பிள்ள இருக்கும்போது அங்க எதுக்குங்கேன்?"

டாக்டர் கற்பகத்தைப் பார்த்துவிட்டு ஆனந்தியின் பக்கமாகக் குனிந்தார். "ஆரம்பக் கட்டமாக்கும். இப்படி ஒண்ணுதான் நம்மகிட்ட இல்லை."

கற்பகத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் சித்தியிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சித்தியின் முகத்தில் பெருமை தாங்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த நர்ஸிடம் "எங்க அக்கா மக" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வாங்கக்கா" என்று ஆனந்தி கற்பகத்தின் கையைப் பிடித்தாள். "கொஞ்சந்தான் வலிக்கும்."