வேனுக்கும் சேர்த்துத்தான்

சுகுமாறன் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ஓர் ஓட்டலில் நடந்த வார இறுதிப் பயிலரங்குக்குப் போனார். திரும்பி வரும்போது 'குடும்ப நிதி ஆலோசகர்' ஆகியிருந்தார். சான்றிதழுக்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். சாமி படங்களைவிட அது அரை அடி உயரத்தில் தொங்கியது. சாமிகள் ஆட்சேபிக்கவில்லை.

அதன் பிறகு அவர் குடியிருந்த தாமானின் கோயில் மண்டபத்தில் அன்னதானத்துக்கு முன்னால் மைக் அவருடையது. இலை போடக் காத்திருக்கும் கூட்டம் எழுந்து போகாது என்பதை அவர் அறிந்திருந்தார். "தேவை வேற, ஆசை வேற. ஆறு மாசச் செலவுக்குப் பணம் தனியா இருக்கணும். இன்சூரன்ஸ செலவுன்னு நினைக்காதீங்க, அது குடைன்னு நினைங்க" என்பார். சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. கேட்டவர்களில் சிலர் அதன்படி நடந்து நன்றாகவும் இருந்தார்கள்.

அவர் குடும்பத்துக்கு நிதி எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் மேடையில் சொன்னதில்லை. அது வாசலில் நின்ற வெள்ளை வேனிலிருந்து வந்தது. மனைவி சீதாலெட்சுமி கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் சமைத்துக் கொடுப்பவள். அடுப்பு, அண்டா, சோற்றைச் சூடாக வைக்கும் பெட்டிகள் என்று அவளுடைய கடையே அந்த வேனுக்குள்தான் இருந்தது. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கேரி தீவுக்காரன் கன்னையா ஓட்டுவான்.

வேனுக்குப் பக்கத்தில் சுகுமாறனின் மெர்சிடிஸ். "ஒரே ஓனர் வண்டி" என்று அறிமுகப்படுத்துவார். அந்த ஓனர் தாம் இல்லை என்பதைச் சொல்ல மாட்டார். அதற்கு ஒரு ராசி நம்பர் பிளேட்டை ஏலத்தில் எடுத்தார். அந்தக் காசுக்கு அண்டா எத்தனை வாங்கலாம் என்று கன்னையா வாய்விட்டுக் கணக்குப் போட்டதால் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

இரண்டு வண்டிக்கும் ஒரே மாதத்தில் இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டும். ஏஜெண்ட் ரியாஸின் கடை லிட்டில் இந்தியாவில், பூக்கடைகளுக்குப் பின்னால். சுகுமாறன் போனபோது அங்கே யுகேந்திரன் உட்கார்ந்திருந்தார். குடியிருப்பாளர் சங்கத்தில் சுகுமாறன் தலைவர், யுகேந்திரன் துணைத்தலைவர். நாற்காலி காலியாகுமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் துணைத்தலைவர்.

"அங்கிள், காருக்கு வெள்ளம் சேக்கவா?" என்று ரியாஸ் கேட்டான். வண்டி மோதினால் வருகிற பணம் வெள்ளத்தில் மூழ்கினால் வராது. அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

"என்ன கேள்வி தம்பி இது? வெள்ளம், கண்ணாடி, என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் போடு" என்றார் சுகுமாறன், யுகேந்திரனுக்குக் கேட்கும்படி.

யுகேந்திரன் புன்னகைத்து, விடைபெற்றுப் போனார்.

"வேனுக்கு, அங்கிள்?"

சுகுமாறன் வாசலைப் பார்த்தார். பார்க்க ஆளில்லாத இடத்தில் பணம் செலவழிப்பது அவருக்கு வராத காரியம். "அது காய்கறி ஏத்துற வண்டி. பேசிக் கவரே போதும்."

"நம்ம பக்கம் தண்ணி ஏறும் அங்கிள். பெரிய தொகையும் இல்ல."

"அடுத்த வருஷம் பாப்போம் லா."

வீட்டுக்கு வந்ததும் சீதாலெட்சுமி, "ஏங்க, வெள்ளத்துக்கும் சேர்த்துக் கட்டினீங்களா?" என்று கேட்டாள். மண்டபத்தில் அவர் பேசியதை அவள்தான் கரண்டியும் கையுமாக நின்று முழுசாகக் கேட்டவள்.

"கட்டியாச்சு."

"வேனுக்கு?"

"வேனுக்கும் சேர்த்துத்தான்" என்றார்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, விடியலிலிருந்து விடாத மழை. மத்தியானம் தெருவோர லோங்காங் சாக்கடை நிரம்பித் தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிட்டது. கன்னையா ஊருக்குப் போயிருந்தான். சுகுமாறன் இரண்டு சாவியையும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். எதிர்வீட்டு கேட்டருகே யுகேந்திரனும் நாலைந்து பேரும் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சீதாலெட்சுமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். "என்ன யோசனை? உங்க கார எடுத்துட்டுப் போய் மேம்பாலத்துல விடுங்க."

"வேன்..."

"வேனுக்குத்தான் கட்டியிருக்கீங்களே. போனா காசு வந்துரும், புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம். காருக்கு ஒரு கீறல் விழுந்தாலே நீங்க மூணு நாள் சாப்பிட மாட்டீங்க. போங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கட்டவில்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து யுகேந்திரன், "தலைவரே, உங்களுக்கென்ன கவல! எல்லாத்துக்கும் கவர் எடுத்து வச்சிருக்கிற ஆளு!" என்று கத்தினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சுகுமாறன் கையை உயர்த்தி அதை ஏற்றுக்கொண்டார்.

ஒரு நடைதானே, காரை விட்டுவிட்டு ஓடிவந்து வேனை எடுத்துவிடலாம் என்று நினைத்தார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். ஆனால் தாமானில் இருந்த எல்லாரும் அதே மேம்பாலத்துக்குத்தான் வண்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இடம் பிடித்து நிறுத்தி, நனைந்துகொண்டே திரும்பி வந்தபோது முனைக்கடையருகே தண்ணீர் இடுப்புக்கு நின்றது. வாசலில் வேனின் கூரையும் கண்ணாடியும் மட்டும் தெரிந்தன. பக்கத்தில் ஓர் அண்டா, அவசரமில்லாமல், சுற்றிச் சுற்றி மிதந்தது.

தண்ணீர் வடிந்ததும் மெர்சிடிஸ் துளி சேறில்லாமல் வீடு திரும்பியது. "பாருங்க, இதுதான் திட்டமிடல்" என்று யுகேந்திரன் சங்கத்துக் கூட்டத்தில் பாராட்டினார். சுகுமாறன் தலையைக் குனிந்துகொண்டார். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இன்சூரன்ஸ் பணம் எங்கே என்று சீதாலெட்சுமி கேட்கும்போதெல்லாம், "ப்ராசஸ்ல இருக்கு" என்றார். அவள் நம்பினாள். வந்த ஓர்டர்களைத் தள்ளிப்போட்டாள். கன்னையாவுக்குச் சும்மா இருந்த மாதத்துக்கும் சம்பளம் கொடுத்தாள். தனியாக இருக்க வேண்டிய ஆறு மாதச் செலவுப் பணம் நம்பர் பிளேட்டாகத் தொங்கிக்கொண்டிருந்ததால், தாலிச் சங்கிலி தவிர அவளுடைய மற்ற நகை அடகுக்குப் போனது. ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவர் எழுந்தார். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சொல்லக் கடினமாக இருந்தது.

ஒரு காலை, கையெல்லாம் மாவாக இருந்ததால், அவள் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரியாஸ் தம்பி, சீதா ஆன்டி பேசுறேன். வேன் காசு எப்பப்பா வரும்? மேரு பக்கம் ஒரு கல்யாணம், பதில் கேக்குறாங்க."

"எந்த வேன் ஆன்டி?"

"நம்ம சாப்பாட்டு வேன்தாம்பா. வெள்ளத்துல போச்சே."

போனில் பூக்கடைக்காரரின் கூவலுக்கு நடுவே காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆன்டி, அதுக்கு வெள்ளம் போடலியே. காருக்கு மட்டும்தான். நான் சொல்லிப் பாத்தேன்... அங்கிள் பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு."

"அப்ப அவருகிட்டயே கேட்டுருங்களேன், ஆன்டி. கடையில ஆள் நிக்குது."

சுகுமாறன் கத்தலுக்குத் தயாரானார். பிரிமியம், ரிஸ்க், பட்ஜெட் என்று பதில்களும் வைத்திருந்தார். அவள் கத்தவில்லை.

"அன்னிக்கு கார எடுங்கன்னு நான் சொன்னப்ப, உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்? நாலு திட்டு திட்டியிருப்பேன். அவ்வளவுதானே?"

"யுகேந்திரன் நின்னுக்கிட்டிருந்தாரு" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு சின்னது என்று அவர் காதுக்கே கேட்டது.

"ஆமா, நின்னாரு" என்றாள் அவள். மாவைப் பிசையத் தொடங்கினாள்.

காரை விற்றுவிடுவதாக அன்றே சொன்னார். "வித்துருங்க" என்றாள். பார்க்க வந்த டீலர் சுற்றிவந்து, எஞ்சினைக் கேட்டு, சொன்ன விலைக்கு அவளுடைய வேனில் பாதிகூட வராது. கன்னையா ஒரு லோரி கம்பெனியில் சேர்ந்துவிட்டான். போகும்போது அவளிடம்தான் அழுதான்.

சீதாலெட்சுமிக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் வேலை கிடைத்தது.

"நான் கொண்டுபோய் விடுறேன் சீதா. தினமும்."

"காருக்கு எண்ணெய்க் காசு யாரு குடுக்கிறது? ட்ரெயின் இருக்கு. ஸ்டேஷன்ல மட்டும் விடுங்க."

கிள்ளான் ஸ்டேஷன் வாசலில், விலை போகாத மெர்சிடிஸ் நின்றது. இறங்குவதற்கு முன் அவள் மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டாள்.

"என்ன வேலைன்னு சொன்னாங்க?" என்று கேட்டார். கேட்கத் துணிவு வர அத்தனை தூரமாகியிருந்தது.

"இதுக்கு முன்னாடி எங்க வேல பாத்தீங்கன்னு கேட்டாங்க. யாருகிட்டயும் பாத்ததில்லன்னேன். அப்ப மொதல்ல வெங்காயம் உரிங்க, சமைக்கிறத அப்புறம் பாக்கலாம்னாங்க." அதில் குறை எதுவும் சொல்லாமல், செய்தி சொல்வதுபோலச் சொன்னாள். "குழம்பு அடுப்பு மேல இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிடுங்க."

படியேறிப் போனாள். வேலைக்குப் போகிற கூட்டத்தில் அவள் சேலை கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. சுகுமாறன் ஸ்டேரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்ற வேன்காரன் ஹார்னை அழுத்தி, தலையை வெளியே நீட்டினான்.

"பாஸ், வண்டிய எடுங்க லா. வேலைக்குப் போறவங்க இருக்கோம்."

அவர் எடுத்தார்.