பையன்கள் களைத்துப் போயிருந்தார்கள்

பாரஹோனாவில் ஜனவரி வந்தால் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். இந்த வருடம் முடிவெட்டும் கடை, மீன் சந்தை, டோமினோ மேசை என்று எங்கே போனாலும் அதே கேள்விகள்தான். மேனேஜரை வீட்டுக்கு அனுப்புவார்களா? மைதானத்து விளக்குக் கம்பத்தை எப்போது சரி செய்வார்கள்? அந்தக் கிழட்டு கேட்சரை இன்னும் எத்தனை நாள்தான் வைத்துக் கட்டி அழப் போகிறார்கள்? பேட்ஸ்மேனுக்குப் பின்னால் முகமூடியோடு குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற அந்தக் கிழட்டு கேட்சர் நான்தான். பெயர் நெரேயோ ஃபெலிஸ், வயது முப்பத்தாறு. என் முகத்துக்கு நேராகவேதான் கேட்பார்கள். முதுகுக்குப் பின்னால் பேசுகிற மரியாதையை எங்கள் ஊரில் பேஸ்பால்காரனுக்கு யாரும் தருவதில்லை.

எனக்கு இருந்தது ஒரே கேள்வி. உலிசெஸ் ஃப்ரோமேத்தாவை என்ன செய்வது?

லீக்கில் ஆறு அணிகள், அடுத்த சுற்றுக்கு நான்கு போகும். எங்கள் அணியான பாரஹோனா நண்டுகளின் ஆட்டங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. ஹிகுவே அணிக்கு ஒன்று பாக்கி. அவர்கள் தோற்றால் நான்காவது இடம் எங்களுக்கு, ஜெயித்தால் அவர்களுக்கு. எதிரே ஆட வேண்டியது பட்டியலின் உச்சியில் இருந்த மோகா சேவல்கள். அந்த அணியின் மேனேஜர்தான் உலிசெஸ். ஒரு காலத்தில் எங்கள் அணிக்கும் மேனேஜராக இருந்து, எங்களால் துரத்தப்பட்டவன்.

அன்று அவன் தன் பெரிய ஆட்டக்காரர்கள் ஒருவரையும் இறக்கவில்லை. மீசை முளைக்காததுகளை எல்லாம் மைதானத்தில் நிறுத்தினான். ஹிகுவே பன்னிரண்டு ரன் அடித்தது, மோகா ஒன்று. நாங்கள் மைதானத்து அறையில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஆட்டம் முடிந்து அவனிடம் மைக்கை நீட்டினார்கள். "பையன்கள் களைச்சுப் போயிருந்தாங்க, அதான் ஓய்வு குடுத்தேன்," என்றான். குரலிலேயே அந்தச் சிரிப்பு கேட்டது. ரேடியோவைச் சுவரில் வீசியவன் யார் என்று இன்றுவரை யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. நான்தான்.

ஏன் அப்படிச் செய்தான் என்பது அந்த வாரமே தெரிந்துவிட்டது. வெளியே போன அணிகளின் ஆட்களை, உள்ளே போன அணிகள் எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் லீக்கின் வழக்கம். எடுப்பு நாளன்று உலிசெஸ் முதலில் சொன்ன பெயர் யமீல் கெசாதா. எங்கள் பிட்சர், பந்து வீசுகிறவன். அந்த சீசன் முழுக்க மோகாவை மண்டியிட வைத்தவன். எதிரே நிற்பவனை வெளியே தள்ளிவிட்டு, அவன் கையிலிருந்த கத்தியையும் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு.

யமீல் கிளம்புவதற்கு முன் என் வீட்டுக்கு வந்தான். அவன் மகள் மிரெலிஸுக்கு நான் ஞானத்தகப்பன். அதனால் என்னை கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவான். வறுத்த மீனைத் தட்டில் வைத்தபடி ரொம்ப நேரம் சாப்பிடாமலே இருந்தான்.

"கொம்பாத்ரே, நான் போகாம இருந்துடவா?"

இருந்துவிடு என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பான். ஆனால் பந்து வீசுகிறவனை வீசாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"போய் வீசுடா. ஆனா ஒண்ணு சொல்றேன். அந்த ஆளு சிரிக்கிறதைப் பார்த்தா எனக்குச் சோறு இறங்காது."

"எனக்காகச் சிரிச்சாலுமா?"

நான் மீனுக்கு எலுமிச்சை பிழிந்தேன்.

இறுதிப் போட்டிக்கு மோகாவும் ஹிகுவேயும் வந்தன. தொடர் தொடங்குவதற்கு முன் ஹிகுவேயின் கேட்சர் கட்டைவிரலை உடைத்துக்கொண்டான். மாற்று ஆள் வேண்டும் என்று என்னை எடுத்தார்கள். எங்கள் இடத்தைப் பிடித்தவர்களின் சட்டையைப் போட வெட்கமாக இல்லையா என்று ஊரில் கேட்டார்கள். இல்லை. ஹிகுவே எதையும் திருடவில்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டது. எனக்குக் கணக்குத் தீர்க்க வேண்டிய ஆள் வேறு. சட்டை வயிற்றில் இறுக்குகிறது என்று மட்டும் என் மனைவி சொன்னாள்.

யமீலிடம் ஒரு பழக்கம் உண்டு. வேகப்பந்து வீசும்போது அவன் கையுறை சாதாரணமாக இருக்கும். மெதுப்பந்துக்கு, வீசும் கையைக் கையுறைக்குள் விட்டுப் பந்தை உள்ளங்கையில் ஆழமாகப் பிடிக்க வேண்டும், அப்போது கையுறை கோழி இறக்கை மாதிரி விரியும். பேட்ஸ்மேன் அதைக் கவனித்துவிட்டால் யமீல் கதை முடிந்தது. சீசன் முழுக்க அதை மறைத்துக் காப்பாற்றியது நான். கையுறை விரிய ஆரம்பித்ததும் என் முகமூடியை இரண்டு விரலால் தட்டுவேன். உடனே காலைப் பின்னால் எடுத்துவிட்டு, கையுறையை மூடி, மறுபடி ஆரம்பிப்பான். எங்கள் இருவரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. மோகா கேட்சருக்கு எப்படித் தெரியும்?

கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மோகா மைதானத்தில். ஒன்பதாவது இன்னிங்ஸ். மோகா ஒரு ரன் முன்னால். ஹிகுவேயான எங்களுக்கு இரண்டு அவுட், மூன்றாவது விழுந்தால் ஆட்டம் முடிந்தது; இரண்டாவது பேஸில் எங்கள் ஆள் ஒருவன். உலிசெஸ் யமீலை இறக்கினான். பேட்டை எடுத்துக்கொண்டு நான் போனேன். உலிசெஸ் மூன்றாவது பேஸ் பக்கம், தன் ஆட்கள் உட்காரும் இடத்தின் படியில் ஒரு காலை வைத்து நின்றான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். அதே சிரிப்பு. ரேடியோவில் கேட்டதை இப்போது கண்ணால் பார்த்தேன்.

முதல் பந்து வேகம். ஸ்ட்ரைக். இரண்டாவதும் வேகம், பேட்டைச் சுழற்றினேன், காற்றுதான் அடிபட்டது. கூட்டம் எழுந்து தகரத்தைத் தட்டியது. இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் கோப்பை உலிசெஸுக்கு.

யமீல் கையை உள்ளே விட்டான். கையுறை விரிந்தது.

விரிந்த உடனே அவன் என்னைப் பார்த்தான். அவனுடைய கேட்சரைப் பார்க்கவில்லை, என்னை. பழக்கதோஷம். நெருக்கடி வந்தால் அவன் கண் என் கையைத் தேடும். நான் பேட்டிலிருந்து ஒரு கையை எடுத்து ஹெல்மெட்டை இரண்டு விரலால் தட்டினால் போதும். காலைப் பின்னால் எடுப்பான், கையுறையை மூடுவான், ஜெயித்துவிட்டு ஊருக்கு வருவான்.

என் இரண்டு கையும் பேட்டில்தான் இருந்தன. கோபத்தில் மறந்துவிட்டேன் என்று யாராவது எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். மறக்கவில்லை. யமீலின் முகத்தையும் பார்த்தேன், அவனைத் தாண்டி அந்தச் சிரிப்பையும் பார்த்தேன்.

பந்து மெதுவாக வந்தது. நான் காத்திருந்து அடித்தேன். இடதுபக்கச் சுவரைத் தாண்டி, அங்கே விற்கும் சோளக்காரன் தள்ளுவண்டிக்கும் அப்பால் போய் விழுந்தது. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓட முடியாது, நடந்தேன் என்றே சொல்லலாம். மூன்றாவது பேஸில் வேண்டுமென்றே இன்னும் மெதுவாக நடந்தேன்.

"என்ன உலிசெஸ், பையன்கள் களைச்சுப் போயிட்டாங்களா?"

அவன் சிரிப்பு அப்படியே அணைந்துபோனது. அந்த முகத்தை நான் சாகும்வரை வைத்துக்கொள்வேன். அவ்வளவு இனிப்பாக இருந்தது. அந்த அடியில் எங்களுக்கு இரண்டு ரன்; அடுத்து அடிக்க வந்த மோகாவின் மூன்று பேரும் அவுட், கோப்பை ஹிகுவேக்கு. அந்த வாரமே மோகா அவனை வேலையை விட்டுத் தூக்கியது. அன்றிரவு வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

உலிசெஸ் தோற்றதைக் கொண்டாட, பாரஹோனாவில் ஒலிபெருக்கி கட்டிய லாரியை எடுத்து ஊர்வலம் போனார்கள். தெருத்தெருவாகப் போன லாரி யமீல் வீட்டு வாசலிலும் நின்று பாட்டுப் போட்டிருக்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை, அந்தத் தெருவில்தான் கூட்டம் அதிகம் என்றார்கள். தன் ஊர்க்காரர்களே தன் தோல்விக்கு ஆடுவதை அவன் ஜன்னல் வழியாகப் பார்த்தானாம். இதை என் மனைவிதான் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரியில், ஊரே மரியாதையாக டோன்யா என்று கூப்பிடும் ஒஃபேலியா அம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். எங்கள் அணி அவருடையது, இரும்புக்கடையும் அவருடையது. கடைக்குப் பின்னாலிருக்கும் அறையில் காபி கொடுத்தார். மேனேஜரை மாற்றவில்லை, விளக்குக் கம்பத்துக்கு ஆள் சொல்லியாகிவிட்டது, யமீலும் அடுத்த வருடத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டான் என்றார். அப்புறம் சர்க்கரையைக் கலக்கியபடியே சொன்னார்.

"அவன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான், நெரேயோ. வேற கேட்சர் வேணுமாம்."

"காரணம் சொன்னானா?"

"சொன்னான். 'என் கையுறை விரிஞ்சா மூடச் சொல்றவன் வேணும் டோன்யா, அடிக்கக் காத்திருக்கிறவன் வேண்டாம்'னான். எனக்கு ஒண்ணும் புரியல. உனக்குப் புரியுதா?"

புரிகிறது என்றேன். அவர் விவரம் கேட்டார், நானும் முழுக்கச் சொன்னேன். இனி அதை மறைத்து வைத்துக் காப்பாற்ற வேண்டியது வேறொருவன் வேலை. அவர் கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மறுபடி அதே பந்து வந்தா என்ன பண்ணுவ?"

"அடிப்பேன்."

"நீ மறுபடியும் அடிப்பேன்னுதான் அவனும் சொன்னான்," என்றார்.

எதற்குக் கூப்பிட்டார் என்று ஊகித்துக் கையோடு கொண்டு வந்திருந்த என் கேட்சர் முகமூடியை, புதிதாக வருகிறவனுக்கு என்று அவர் மேசைமேல் வைத்தேன். காபியைக் குடித்து முடித்துவிட்டு வெளியே வந்தேன்.