மீசையில்லாத தாய்மாமன்

1

ஒரு காதுகுத்துக்குச் சாப்பிடப் போன இடத்தில் கிடைத்த கதை இது. சிம்மக்கல்லில் எங்கள் வீட்டு மாடியில் தாமரைச்செல்வியும் விக்ரமும் குடியிருக்கிறார்கள். மூன்று வயது மகள் பவதாரிணிக்கு அழகர்கோவிலில் காதுகுத்து வைத்தார்கள். "அக்கா, நீங்க கண்டிப்பா வரணும். எங்க வீட்டாளுக வருவாகளான்னு தெரியல" என்று தாமரை கூப்பிட்டாள்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "அழகர்மலை அடிவாரத்தில் இளங்காற்று வீச..."

அன்றைக்குக் காற்றே இல்லை. வேர்வையில் சேலை முதுகோடு ஒட்டியது. அந்த வரி போகட்டும்.

2

தாமரை, பேரையூர்ப் பக்கம் பரம்பரையாக நிலம் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். விக்ரமின் அம்மா ஒச்சாயி, அப்படிப்பட்டவர்களின் காட்டில் களையெடுத்து மகனைப் படிக்கவைத்தவர். இரண்டு பேரும் கல்லூரியில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அன்றோடு தாமரையின் அண்ணன் அழகுபாண்டி பேச்சை நிறுத்திவிட்டார்.

[இந்த இடத்தில் இரண்டு சாதிகளின் பெயரையும் எழுதிப் பார்த்தேன். எழுதியதும் கதையிலிருந்த மனிதர்கள் எழுந்து போய்விட்டார்கள், சாதிகள் வந்து உட்கார்ந்துகொண்டன. அடித்துவிட்டேன்.]

3

பதினெட்டாம்படிக் கருப்பசாமி சன்னதிக்குப் பக்கத்து மரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தது. குழந்தைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் தடவியாயிற்று. காது குத்துகிற ஆசாரி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "தாய்மாமன் எங்கங்க? உக்காரச் சொல்லுங்க."

தாமரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு அவள் போனில் சொல்லியிருந்தாள். அவர் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார். வரமாட்டேன் என்றும் சொல்லவில்லையே என்பதுதான் அவளுடைய நம்பிக்கை.

விக்ரமின் கூட்டாளி சங்கிலி முன்னால் வந்தான். "மாப்ள, நான் உக்கார்றேன். நானும் தங்கச்சிக்கு அண்ணன் முறைதான?"

விக்ரம் தாமரையைப் பார்த்தான்.

"சங்கிலியண்ணே, ஒங்க மேல வருத்தமில்ல. ஆனா எம் புள்ள என் கூடப் பொறந்தவுக மடியிலதான் உக்காரணும். இல்லேன்னா இன்னைக்கு வேணாம்" என்றாள் தாமரை. குரல் உடையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

4

(இங்கே கொஞ்சம் கட்டுரை. அவசரமிருப்பவர்கள் அடுத்த எண்ணுக்குத் தாவலாம்.)

எதற்காக மாமன் மடி? நான் நினைப்பது இது. பெண்ணுக்குப் பிறந்த வீட்டு நிலத்தில் பங்கில்லாத காலத்தில், அந்த வீடு அவளைக் கைவிடவில்லை என்பதை ஊரறியச் சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டியிருந்திருக்கும். பிள்ளைக்குக் காது குத்தினாலும், பெண் பெரியவளானாலும், கல்யாணமானாலும் மாமன் சீர் கொண்டுவர வேண்டும். வரமுடியாது என்று அவன் சொல்லிவிட முடியாது. அது சாமி காரியம். பங்கு கொடுக்காததற்குச் சீர் ஈடாகுமா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆகாதுதான். ஆனாலும் வலி தெரியும் வயதில் குழந்தையை மடியில் பிடித்துக்கொள்ள அம்மா வீட்டு ஆள் ஒருவர் வேண்டும் என்று யோசித்த முன்னோர் யாரோ, அவரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

5

ஆசாரி ஊசியைத் துணியில் சுற்றப் போனார். அப்போது பேருந்து நிற்கும் பக்கமிருந்து ஒரு பெண் தட்டோடு வேகமாக நடந்து வந்தாள். தட்டில் தேங்காய் பழம், சின்னப் பட்டுப்பாவாடை, ஒரு ஜோடிக் கம்மல். தாமரையின் தங்கை முத்துமீனா. பேரையூரில் அண்ணன் வீட்டில் இருப்பவள், இன்னும் கல்யாணமாகாதவள்.

அக்காவிடம் போகவில்லை. நேராக ஒச்சாயி முன்னால் வந்து நின்றாள்.

"அத்தை, அண்ணன் வரல. நான் வந்திருக்கேன். நான் மடி குடுத்தா ஆகாதா?"

அந்த "அத்தை"யில் என் பேனா கொஞ்சநேரம் நின்றுவிட்டது. அவர்கள் ஊர்ப்பக்கத்தில் ஒச்சாயியைச் சின்னப் பிள்ளைகள்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். தாமரையை விட்டால், முறை வைத்து அழைத்த அந்த வீட்டு வாய் இதுதான் முதல்.

விக்ரமின் பெரியப்பா ஒருவர் முனகினார்: "பொம்பள மடி எப்படிப்பா மாமன் மடியாகும்?"

ஒச்சாயி திரும்பினார். "ஏன் ஆகாது? தாமரை பொறந்த வயித்துலதான இவளும் பொறந்தா? மடிக்கு என்ன மீசையா மொளைக்கணும்?"

அழகுபாண்டி வந்தால் தலைப்பாகை கட்டுவதற்கென்று புதுத்துண்டு ஒன்று எடுத்து வைத்திருந்தார்கள். ஒச்சாயி அதை உதறி முத்துமீனாவின் தலையில் கட்டினார். "உக்காரு தாயி" என்றார். பெண்கள் குலவையிட்டார்கள்.

ஆசாரி ஊசியை மறுபடி எடுத்தார். குழந்தை வீறிட்டு அழுது சித்தியின் தலைப்பாகையைப் பிடித்து இழுத்துக் கண்வரைக்கும் இறக்கிவிட்டது. முத்துமீனா கண் தெரியாமலேயே குழந்தையை இறுகப் பிடித்திருந்தாள். தாமரை தங்கையின் பின்னால் முட்டி போட்டு, அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

6

சாப்பாடு முடிந்ததும், "இங்கேயே எங்ககூட இருந்துரு. அண்ணன் அடிச்சா என்ன செய்வ?" என்று தாமரை தங்கையைக் கெஞ்சினாள்.

"ஒளிஞ்சு வரலக்கா. அண்ணன்கிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன். ஒளிஞ்சு இருக்கவும் மாட்டேன். போறேன்."

பஸ் ஏறிப் போய்விட்டாள்.

இதற்கு மேல் நான் எழுதிய முதல் முடிவில், ஊசி இறங்கும் நேரத்தில் அழகுபாண்டி பைக்கில் வந்து இறங்கினார், கட்டிப்பிடித்து அழுதார். தாமரையிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

"நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா எங்கண்ணன் வரல. நீங்க வரவச்சுட்டீங்க. அவரு வந்துட்டாருன்னா, முத்து அம்புட்டுத் தூரம் தனியா வந்தது ஒண்ணுமில்லாமப் போயிருமே?"

கிழித்துவிட்டேன். இரண்டாவது முடிவில் அண்ணன் முத்துமீனாவை வீட்டைவிட்டுத் துரத்தினார். அதுவும் நடக்கவில்லை. கதைக்குச் சூடு வேண்டுமென்று ஒரு மனிதனைக் கெட்டவனாக்க எனக்கு மனசில்லை.

7

நடந்தது இது. அழகுபாண்டி அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசாமல் இருந்தார். முத்துமீனா சோறு போட்டால் எழுந்து போனார். அவளுக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தமும் நின்றுபோனது. "மடி குடுத்ததுக்கு முறியிற சம்பந்தம் முறியட்டும்க்கா" என்று என்னிடம் போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள் என்று எழுதலாம். சிரிக்கவில்லை.

ஒருநாள் காலை அவள் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அழகுபாண்டி தோட்டத்துக்குப் போகப் பைக்கைக் கிளப்பினார். கொஞ்சதூரம் நகர்ந்தவர் இன்ஜினை அணைத்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

"புள்ள ரொம்ப அழுதுச்சா?"

முத்துமீனா பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் எழுதப் போவதில்லை. அந்தப் பதிலை எப்படி எழுதிப் பார்த்தாலும் அது என் சாமர்த்தியமாகிவிடுகிறது.

அதனால் வாசலை உங்களிடம் விடுகிறேன். கையில் சாம்பலும் தேங்காய்நாரும். அண்ணன் முதுகு காட்டி நிற்கிறார், போகவும் இல்லை. நீங்கள்தான் முத்துமீனா.

சொல்லுங்கள்.