கடலைப் பெட்டியும் நாலு டாக்டர்களும்

"மத்தியான சாப்பாட்டுக்குள்ள இந்த நாலு டாக்டருங்களுக்கும் நானே ஆபரேஷன் கத்துக் குடுத்துடுவேன்!" என்றாள் சரோஜா, பினாயில் வாளியைக் கீழே வைத்துவிட்டு.

வேங்கிக்கால் தனியார் ஆஸ்பத்திரி மேனேஜர் சக்கரவர்த்திக்குச் சிரித்ததில் புரையேறிவிட்டது. அந்த இருமல் ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையில் மோதித் திரும்பி வந்தது.

"நீ தரை துடைக்கறவ. அவங்க இருபது வருஷமா வயித்தைத் திறக்கறவங்க. கத்துக் குடுத்துட்டீன்னா ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர் வேலைக்கு உன் பேரை எழுதறேன், போ!"

அந்த வேலை கிடைத்தால் தினக்கூலி போய் மாதச் சம்பளம். மூன்று வருடமாக அதற்குத்தான் காத்திருந்தாள்.

வயிற்றில் சின்னத் துளை போட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டே அறுக்கும் வித்தை ஊருக்குள் வந்த புதிது. பயிற்சிக்கு ஒரு மரப்பெட்டி, மூடியில் இரண்டு துளை, துளை வழியே நீள இடுக்கிகள், உள்ளே கேமரா. அடியில் கிடக்கும் வேர்க்கடலையை இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். காலையிலிருந்து ஒன்றுகூட விழவில்லை. டாக்டர் மாறன் கையை வலப்பக்கம் தள்ளினால் டிவியில் இடுக்கி இடப்பக்கம் ஓடியது. அவருக்கு வழிந்த வியர்வை ஒரு குடம் இருக்கும். சொல்லித்தர வேண்டிய பெரிய டாக்டரோ அவசர கேஸுக்குப் போய்விட்டார்.

"சார், டிராக்டர்ல டிரெய்லர் மாட்டி ரிவர்ஸ் எடுத்திருக்கீங்களா?"

"கார்தாம்மா ஓட்டுவேன்."

"நான் கரும்பு சீசன்ல எடுத்திருக்கேன். டிரெய்லர் வலது போவணும்னா ஸ்டீரிங்க இடது ஒடிக்கணும். இதுவும் அதான். துளைதான் டிரெய்லர் மாட்டற கொக்கின்னு வெச்சுக்கோங்க. கொஞ்சமா திருப்புங்க சார், ஜாஸ்தி ஒடிச்சா மடங்கிக்கும்."

மாறன் மூச்சைப் பிடித்தார்.

"வரலாம்... வரலாம்... இன்னும் கொஞ்சம்... ஹோல்டான்!" என்று வண்டிக்குச் சொல்வதுபோலவே சொன்னாள் சரோஜா.

கிண்ணத்தில் 'டக்'கென்று ஒரு கடலை. நால்வரும் போட்ட கூச்சலில் கோயில் கோபுரத்துப் புறாக்கள் பக்கத்து ஊர் செங்கம் வரைக்கும் பறந்தன. பன்னிரண்டரைக்குள் கிண்ணம் வழிந்தது.

மூன்று மணிக்கு நாலு டாக்டர்களுக்கும் சான்றிதழ், பூமாலை, குரூப் போட்டோ. பெரிய டாக்டர் நடுவில் உட்கார்ந்தார். வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னல் திரையை ஓரமாக இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். சரோஜா பிடித்துக்கொண்டு நின்றாள்.

சக்கரவர்த்தி மெல்லப் பக்கத்தில் வந்தார். "அந்த வேலைக்குப் பத்தாவது பாஸ் வேணுமாம். வேற பேரைப் போட்டுட்டாங்க."

"அப்ப நான் கத்துக் குடுக்கலைன்றீங்களா சார்?"

பளிச்சென்று ஃபிளாஷ் அடித்தது. "திரையை விட்டுடாதம்மா, இன்னொண்ணு!" என்றார் போட்டோக்காரர்.

சக்கரவர்த்தி குரலைத் தாழ்த்தினார். "கத்துக் குடுத்த. என் கண்ணால பாத்தேன்."