கை படாத நான்காம் வால்வு

1986 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை நான் போட்ட சத்தத்தில், தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து நின்றுவிட்டார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். அன்றைய கோபத்துக்குக் காரணம் இருந்தது.

முந்தின நாள் வரை ஹைதராபாத்திலேயே என்னைவிடக் கர்வம் பிடித்த ஆள் இருந்திருக்க முடியாது. நான் செகந்திராபாத்தை ஒட்டி, தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த அல்வாலில் வளர்ந்தவள். அப்பா செகந்திராபாத் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மத்திய அரசின் மின்னணு நிறுவனம் ஒன்றில், கட்டுப்பாட்டுக் கருவிப் பிரிவில், நான் ஒருத்திதான் பெண் எஞ்சினியர். நான்கு வருஷம் என்னை டிராயிங் மேஜையிலேயே உட்கார வைத்திருந்தார்கள். பெண்ணை வெளியே வேலை நடக்கிற சைட்டுக்கு அனுப்பினால் அங்கே யார் பார்த்துக்கொள்வது என்று எங்கள் மேனேஜர் அனந்தராமன் கேட்டார். என்னை எதற்குப் பார்த்துக்கொள்ள வேண்டும், நான் என்ன கைக்குழந்தையா என்று திருப்பிக் கேட்டேன். கேட்டதன் பலன், இன்னும் ஆறு மாதம் டிராயிங் மேஜை. கடைசியில் இந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்காமல்தான் என்னை அனுப்பினார்.

"இது சரியா வரலைன்னா, அப்பறம் சைட் பேச்சே எடுக்கப்படாது விஜயகுமாரி" என்றும் சொல்லி அனுப்பினார்.

வேலை இதுதான். நிலையத்தில் எட்டு மணல் வடிகட்டிகள். ஒவ்வொன்றும் கல்யாண மண்டபம் போல அகலமான தொட்டி. தினம் ஒரு முறை மணலில் அழுக்கு அடைத்துக்கொள்ளும். அப்போது தண்ணீர் வரத்தை நிறுத்தி, அழுக்கு வெளியேறும் வால்வைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பெரிய ஊதியால் காற்றடித்து, பிறகு தண்ணீரைக் கீழிருந்து மேலே பாய்ச்சி மணலைக் கழுவ வேண்டும். நான்கு ஆட்கள் சக்கரங்களைக் கையால் சுற்றிச் செய்துகொண்டிருந்த இந்த வேலையை நான் ஒரே பொத்தானில் செய்ய வைத்தேன். வால்வுக்கு வால்வு மோட்டார், அத்தனைக்கும் மேலே மைக்ரோபிராசசர் வைத்த பேனல். அதற்குள் ஓடிய புரோகிராம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நான் எழுதியது. அவசரத்துக்கு உதவட்டும் என்று கைச் சக்கரங்களை மட்டும் விட்டுவைத்தோம்.

மூன்று நாள் பரீட்சை. எட்டையும் கை படாமல் பேனலே கழுவ வேண்டும். ஏதாவது வால்வு தொண்ணூறு விநாடிக்குள் திறக்காவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றுவிடும். மூன்று நாளும் சிவப்பு விளக்கு எரியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை குடிநீர்த் துறையின் பெரிய எஞ்சினியர் ராமிரெட்டி என்னிடம் வந்து, எல்லாம் கை படாமல் ஓடியது என்ற சான்றிதழில் திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். அனந்தராமன்கூடச் சிரித்தார். அவருக்குப் பல் வரிசை அவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் என் கருவிப் பெட்டியை எடுக்கப் போனேன். பெரிய அதிகாரி வருகிறார் என்றால் அசையாத எதற்கும் பெயின்ட் அடித்துவிடுவது அரசாங்க வழக்கம். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கீழ்த்தளத்துக் கைச் சக்கரங்களுக்கெல்லாம் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஏழு வடிகட்டிகளில் சக்கரம் பளபளவென்று இருந்தது. நான்காம் வடிகட்டியின் அழுக்கு வால்வுச் சக்கரத்தில் மட்டும் விரல் தடங்கள், பத்தும் பதிந்திருந்தன.

பக்கத்தில் ஆபரேட்டர் பெருமாள் நின்றுகொண்டிருந்தார். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து, அல்வாலுக்கு அடுத்த போவன்பள்ளியில் வீடு கட்டியவர். அப்பாவுக்குப் பழக்கம். இருபது வருஷமாக இந்தச் சக்கரங்களைச் சுற்றியவர். என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கையைக் காட்டுங்கண்ணே."

"நக்கோ விஜயாம்மா, வேணாம், அது சும்மா பெயின்ட்டு..."

"காட்டுங்க!"

காட்டினார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் ரேகைக்குள் சிவப்பு மிச்சமிருந்தது.

"வால்வு பாதியில நின்னுடுச்சிம்மா. மேல உனக்கு ரெட் லைட்டு எரிஞ்சிடும். உன் மேனேஜரு, அந்த மெட்ராஸ் ஐயரு எதிர்ல நீ தலை குனியணுமா? நம்ம அல்வால் பொண்ணும்மா நீ. ஒரு நாலு சுத்து சுத்துனேன், அவ்ளோதான்."

"வெள்ளிக்கிழமை மட்டுமா?"

"மூணு நாளும்தான்" என்றார், ஏதோ உபகாரக் கணக்கு ஒப்பிப்பது போல.

அப்போதுதான் காவலாளி எழுந்து நிற்கும்படி கத்தினேன். உங்களிடம் நான் பிச்சை கேட்டேனா என்று கேட்டேன். நான்கு வருஷம் காத்திருந்து வாங்கிய வேலையைத் தர்மத்துக்குப் பாஸ் போட நீங்கள் யார் என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. என் நன்மைக்காக மூன்று நாள் இருட்டுக் கீழ்த்தளத்தில் காவல் கிடந்த மனிதர்.

தண்ணீர் குடித்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டேன்.

"அது எப்ப நிக்குதுண்ணே?"

"ஊதுற மிஷின் ஸ்டார்ட் ஆகுது பாரு, கரெக்டா அப்ப. ட்யூப்லைட்டுகூட ஒரு தரம் கண்ணடிக்கும். நாலாம் நம்பர் எப்பவும் சண்டிம்மா, மெதுவாத்தான் தொறக்கும். மத்ததெல்லாம் அதுக்குள்ள தொறந்து முடிச்சிருக்கும்."

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். முதல் வடிகட்டியில் மட்டும் கடிகாரம் வைத்துப் பார்த்து, வால்வு திறக்க நாற்பது விநாடி, அதன் பிறகு ஊதி ஓடட்டும் என்று புரோகிராமில் எழுதியவள் நான். அத்தனை பெரிய ஊதி கிளம்பும்போது மின் அழுத்தம் ஒரு நொடி விழும். அந்த நேரம் பாதி வழியில் இருக்கிற வால்வின் மோட்டார் நின்றுவிடும். வால்வு முழுதாகத் திறந்த பிறகே ஊதி கிளம்ப வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். எட்டு வால்வும் ஒரே மாதிரி என்று நினைத்தேன். தப்பு பெருமாளுடையது அல்ல, வால்வுடையதும் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை அனந்தராமன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"இதோ பாரும்மா. நாளைக்குக் கையெழுத்து ஆகட்டும். செவ்வாய்க்கிழமை நீ போய் சத்தமில்லாம அந்த வரியை மாத்திடு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"கை படாம ஓடினதுன்னு பேப்பர் சொல்லும் சார். ஓடலையே."

"சொன்னா ராமிரெட்டி வேற ஆளைக் கேப்பார். நான் அனுப்பித்தான் ஆகணும். புரியறதா?"

புரிந்தது. மறுபடி டிராயிங் மேஜை. அது எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சான்றிதழை நினைத்துப் பார்த்தேன். அதில் என் பெயர் இருக்கும், ஓடியது பெருமாளின் கை.

திங்கட்கிழமை காலை புரோகிராமை மாற்றி முடித்து, ராமிரெட்டி வந்ததும், பேனா எடுக்குமுன் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது விநாடி என் தப்பு என்றேன். யாரோ ஒரு ஆபரேட்டர் சக்கரத்தைச் சுற்றியிருக்கிறார் என்றேன். பெயரைச் சொல்லவில்லை.

"நான்தான் சார்" என்று பெருமாள் தானாகவே முன்னால் வந்தார். "மெமோ குடுக்கிறதுன்னா எனக்கே குடுங்க. அவங்களுக்குத் தெரியாது."

ராமிரெட்டி தெலுங்கில் அவரைப் பிடித்து நன்றாகக் கடிந்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னைக்கே, இப்பவே, எட்டும் மறுபடி. ஆபரேட்டர் ஒருத்தர்கூட உள்ளே இருக்கக் கூடாது. ஒரு விளக்கு சிவப்பா எரிஞ்சா, வேற எஞ்சினியர் வரட்டும்."

ஆட்கள் எல்லாரும் வெளியே புல்தரையில் போய் நின்றார்கள். கீழ்த்தளக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை ராமிரெட்டி தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் பொத்தானை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று வடிகட்டிகள் சொன்ன பேச்சைக் கேட்டன. நான்காவதுக்கு வந்தோம்.

நாற்பது விநாடி ஆயிற்று. ஊதி கிளம்பவில்லை, வால்வுக்காகக் காத்திருந்தது. அந்த மட்டில் என் புதிய வரி வேலை செய்தது. ஐம்பது. அறுபது. அனந்தராமன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். எழுபது. தொண்ணூறு ஆனால் சிவப்பு விளக்கு. கீழே ஓடிப்போய் அந்தச் சக்கரத்தை நானே சுற்றிவிட வேண்டும் என்று என் கைகள் துடித்தன. பெருமாள் ஏன் சுற்றினார் என்பது அந்தப் பத்து விநாடியில்தான் எனக்கு முழுசாக விளங்கியது. எண்பது. எண்பத்திரண்டாவது விநாடியில் பச்சை விளக்கு எரிந்தது. ஊதி உறுமிக் கிளம்பியது, ட்யூப்லைட் ஒரு தரம் மங்கித் தெளிந்தது. தொட்டியில் தண்ணீர் கொதிப்பது போலப் பொங்கி, அழுக்கெல்லாம் வால்வு வழியே வெளியே வாய்க்காலில் ஓடியது.

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. கர்வத்தில் வந்த கண்ணீர்தான், வேறொன்றும் இல்லை. நான் எழுதியதை நான்கு டன் இரும்பு கேட்டு நடந்தது.

வெளியே கேட்ட கூச்சலில் ராமிரெட்டி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெளியே, எல்லாருக்கும் முன்னால், ஜன்னலுக்கு நேராக, பெருமாள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி விரித்துப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார்.

"நான் தொடல விஜயாம்மா! எல்லாரும் பாத்துக்கங்கய்யா, நான் தொடல! அதுவே தொறந்துச்சி!"